முதன்முறை பச்சை குத்தப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மதுரையில் பதினான்கு ஆண்டுகளாகப் பச்சை குத்துவதைத் தொழிலாகச் செய்துவருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் அதுதான் முதல்முறை. ஒரு வாரமாக வந்த கேள்விகளில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். நோய், மருந்து சம்பந்தப்பட்ட இடங்களில் என் சொல்லோடு நின்றுவிடாமல் மருத்துவரையும் பாருங்கள்.

அக்கா, எவ்வளவு வலிக்கும்? மறைக்காமல் சொல்லுங்கள். (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

வலிக்கும் தம்பி. வெயிலில் கன்றிய தோலை ஒருவர் நகத்தால் விடாமல் கீறுவதுபோல இருக்கும். முதல் பத்து நிமிடம்தான் கடினம். அதற்குள் உடம்பு பழகிவிடும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் மறுபடியும் எரியத் தொடங்கும். அதனால்தான் முதல்முறை வருகிறவர்களுக்குப் பெரிய படத்தை ஒரே அமர்வில் போட நான் ஒப்புக்கொள்வதில்லை.

இடத்தைப் பொறுத்து வலி மாறும். மேற்கையின் வெளிப்புறம், முன்கை, கெண்டைக்கால் ஆகியவை பொறுக்கக் கூடியவை. விலா எலும்பு, முதுகுத்தண்டு, கணுக்கால், பாதம், அக்குள் பக்கம் ஆகியவை முதல்முறைக்கு வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மயங்கி விழுந்தவர்களில் பெரும்பாலோர் காலையில் வெறும் டீயோடு வந்தவர்கள். முந்தைய இரவு மது கூடாது. மரத்துப்போகச் செய்யும் களிம்பை நீங்களாகவே வாங்கிக் கை முழுவதும் பூசிக்கொண்டு வராதீர்கள். அளவுக்கு மீறினால் அது இரத்தத்தில் கலந்து ஆபத்தாகும்.

தோல்தான் உரிந்துகொண்டே இருக்கிறதே, பச்சை மட்டும் எப்படி அழியாமல் இருக்கிறது? (திருச்சி)

உரிவது மேல்தோல். ஊசி அதைக் கடந்து, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள அடித்தோலில் மையை விடுகிறது. உடம்பு அந்த மையை அந்நியப் பொருளாகக் கருதும். காவல் செல்கள் ஓடிவந்து விழுங்கும். ஆனால் செரிக்க முடியாது. மையை வயிற்றில் வைத்துக்கொண்டே அங்கே தங்கிவிடும். அந்தச் செல் இறந்தால் சிந்தும் மையை அடுத்த செல் விழுங்கிக்கொள்கிறது என்பதை 2018-இல் பிரான்சில் எலிகளை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. உங்கள் கையில் தெரியும் கோடு உண்மையில் உயிருள்ள செல்கள் கைமாற்றிக் கைமாற்றிக் காத்துவரும் மை. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

எங்கள் ஊர்த் திருவிழாவில் மிகக் குறைந்த விலையில் குத்துகிறார்கள். கடைகளில் அதைப்போலப் பல மடங்கு கேட்கிறார்கள். அப்படி என்ன வித்தியாசம்? (விருதுநகர்)

ஊசிதான் வித்தியாசம். திருவிழாக் கூட்டத்தில் ஓர் ஊசி எத்தனை பேர் தோலுக்குள் போய்வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி மூன்றும் இரத்தத்தின் வழியே பரவுபவை. ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த இரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடியது. ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டேன், வெந்நீரில் போட்டுவிட்டேன் என்று சொன்னால் நம்பி உட்காராதீர்கள்.

கடைக்குப் போனாலும் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். ஊசி உறை உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். உறையின் மேல் காலாவதித் தேதி இருக்கும், படியுங்கள். பெரிய புட்டியிலிருந்து சிறு கிண்ணத்தில் மையை ஊற்றி, வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்; ஊசியைப் புட்டிக்குள்ளேயே தோய்த்தால் எழுந்து வந்துவிடுங்கள். கையுறை அணிந்த கையால் கைபேசியை எடுத்துப் பேசிவிட்டு, அதே கையுறையோடு மறுபடி உங்கள் தோலைத் தொடுகிறார்களா என்று பாருங்கள். நான் மிக அதிகமாகக் காணும் தவறு இதுதான். திரும்பப் பயன்படுத்தும் உலோகப் பிடிகள் இருந்தால் ஆட்டோகிளேவ், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் கருவி, எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். 121 டிகிரி நீராவியில், அழுத்தத்தில், குறைந்தது கால் மணி நேரம் வைத்தால்தான் கிருமி சாகும். கேட்டதற்குக் கோபப்படுகிறவர் கையில் உங்கள் தோலைக் கொடுக்காதீர்கள்.

போடப்பட்ட புதிதில் எடுத்த படங்கள் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஓராண்டு கழிந்த வேலைகளின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? பெரியவர்களுக்கு ஆறு மாதத்தில் மூன்று தவணை. பச்சை குத்தினாலும் குத்தாவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதிக்கொள்ள விரும்புகிறேன். கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா? (தனியார் நிறுவன ஊழியர், கோவை)

நிறைய இருக்கிறது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

சில பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழ் எழுத்து சிதையும். கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ‘கொ’ என்று தட்டினால் ‘க’வுக்குப் பின்னால் கொம்பு போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத கலைஞர் அதை அப்படியே படியெடுத்துக் குத்திவிடுவார். தன் மகள் பெயரில் இப்படிக் கொம்பு இடம் மாறிய கையோடு ஒருவர் என்னிடம் வந்தார். அதை மூட ஒரு தாமரை வரைய வேண்டியிருந்தது. பெயர் போய்விட்டது, பூதான் மிஞ்சியது. அன்றுமுதல் என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: வந்தவர் தன் கைப்பட ஒரு தாளில் பெயரை எழுத வேண்டும். அதையும் அச்சுப்படியையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக உரக்கப் படிப்போம். ணகர னகரம், ரகர றகரம், புள்ளி எல்லாம் அங்கேயே சரிபார்க்கப்படும். அச்சுப்படியைத் தோலில் ஒட்டிய பிறகு கண்ணாடியில் பார்க்காதீர்கள், இடவலம் மாறித் தெரியும். உடன் வந்தவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அளவு. நம் எழுத்தில் சுழி அதிகம். மை ஆண்டுகள் போகப் போகத் தோலுக்குள் சற்றே பரவும். ‘ஞ’, ‘ண’, ‘ஐ’ போன்றவற்றைச் சிறிதாகப் போட்டால் பத்து ஆண்டில் சுழிகள் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். ஆங்கில எழுத்துக்குப் போதுமான உயரம் தமிழுக்குப் போதாது. எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம் என்பேன். மெய்யெழுத்தின் புள்ளியை எழுத்தோடு ஒட்டாமல் தள்ளி வையுங்கள்.

என் நிறத்திற்கு வண்ணம் எடுபடுமா? (சிவகாசி)

வண்ணம் மேல்தோலுக்கு அடியில் இருக்கிறது. அதை உங்கள் தோலின் நிறத்தின் வழியாகத்தான் பார்க்கிறோம். மாநிறத்திலும் கறுப்பிலும் கறுப்பு மை அருமையாக நிற்கும். அடர்ந்த சிவப்பும் நீலமும் தெரியும். மஞ்சள், வெள்ளை, வெளிர் நிறங்கள் மங்கிவிடும். சிவப்பு மைக்கு ஒவ்வாமை மற்ற நிறங்களைவிட அதிகம். எனவே முதல் பச்சை கறுப்பிலேயே இருக்கட்டும்.

ராணுவத்தில் சேர ஆசை. பச்சை குத்தினால் தடை உண்டா? (தேனி)

முழங்கை முதல் மணிக்கட்டு வரையிலான உட்புறத்திலும் புறங்கையிலும் இருப்பதை ராணுவம் ஏற்கிறது. மற்ற இடங்களில் இருந்தால் நிராகரிக்கலாம். பழங்குடியினரின் மரபுப் பச்சைக்கு மட்டும் விலக்கு உண்டு. மத்தியக் காவல் படைகளின் விதி இதிலிருந்து மாறுபடும். சல்யூட் அடிக்காத இடது கை, அளவுக் கட்டுப்பாடு என்று நிபந்தனைகள் உள்ளன. தம்பி, தேர்வு முடிந்து வேலையில் சேரும்வரை பொறுங்கள். பச்சை எப்போது வேண்டுமானாலும் குத்தலாம், வயது வரம்பு காத்திருக்காது.

குத்திய பிறகு மஞ்சள் பூசச் சொல்லி அம்மா வற்புறுத்துகிறார். பூசலாமா? (கும்பகோணம்)

அந்தக் காலத்தில் மஞ்சள் பூசினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது திறந்த புண். சமையலறை மஞ்சள் தூள் கிருமி நீக்கியது அல்ல. அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். சந்தனம், விபூதி, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

செய்ய வேண்டியது மிகக் குறைவு. கையைக் கழுவிக்கொண்டு, மணமில்லாத சோப்பால் ஒரு நாளைக்கு இரண்டு முறை மென்மையாகக் கழுவுங்கள். தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். மணமில்லாத ஈரப்பதக் களிம்பை மெலிதாகப் பூசுங்கள். நம் ஊர் வெயிலில் தடிமனாகப் பூசினால் வியர்வை அடைத்துக் கொப்புளம் வரும். நான்கைந்து நாளில் தோல் உரியத் தொடங்கும், கறுப்புத் துணுக்குகள் உதிரும். பயப்படாதீர்கள், மை போகவில்லை. கடுமையாக அரிக்கும். சொறிந்தால் அந்த இடத்தில் மை பெயர்ந்து வெளுத்துவிடும், மேலாகத் தட்டிக்கொடுங்கள். மூன்று வாரத்துக்கு ஆறு, குளம், கடல், நீச்சல்குளம் கூடாது. அந்த மூன்று வாரமும் துணியால் வெயிலை மறையுங்கள், ஆறிய பிறகு சன்ஸ்கிரீன் போடுங்கள். மேலே ஆறினாலும் உள்ளே முழுதாக ஆற இரண்டு மூன்று மாதம் ஆகும்.

சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், சூடாக இருந்தால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசியவர்கள் பட்ட பாட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இரத்த தானம் செய்யலாமா? (சென்னை)

நம் நாட்டு விதிப்படி பன்னிரண்டு மாதம் கழித்துச் செய்யலாம். வாடிக்கையாகக் கொடுக்கிறவர் என்றால் பச்சைக்கு முன் ஒருமுறை கொடுத்துவிட்டு வாருங்கள்.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. காது குத்திய இடத்திலும் தழும்பு தடித்துவிட்டது. (இல்லத்தரசி, சேலம்)

அம்மா, சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுச் செய்யலாம். எனக்குக் கவலை அந்தத் தழும்புதான். அது கீலாய்டாக, அதாவது காயத்தைத் தாண்டி வளரும் தழும்பாக, இருந்தால் பச்சையின் கோடு முழுவதும் தடித்து எழும்பக் கூடும். தோல் மருத்துவரிடம் காட்டாமல் எந்தக் கடையிலும் உட்காராதீர்கள்.

பிடிக்காவிட்டால் லேசரில் அழித்துவிடலாமே? (பெங்களூரு)

அழிக்கலாம். ஆனால் ஒருமுறையில் போகாது. ஆறு முதல் எட்டு வார இடைவெளியில் பல அமர்வுகள் வேண்டும். நம் நிறத்தில் லேசர் மையோடு தோலின் நிறமியையும் தாக்கி வெள்ளைத் திட்டோ கருந்திட்டோ விடக்கூடும். அழிக்கலாம் என்ற நினைப்போடு குத்திக்கொள்வதைவிட, படத்தை அச்சிட்டு ஆறு மாதம் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள். ஒத்திகைக்கென்று கடையில் விற்கும் கறுப்பு மெகந்தியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அதில் பிபிடி என்ற தலைச்சாய வேதிப்பொருள் கலந்திருக்கும், தோல் வெந்துவிடும்.

என் பாட்டியின் முன்கையில் பழைய பச்சை இருக்கிறது. கோலமும் ஒரு தேளும். அதையே நான் குத்திக்கொள்ள விரும்புகிறேன். இப்போது மங்கிவிட்டது. எப்படிப் படியெடுப்பது? (ஆசிரியை, சிவகங்கை)

இதைப் படித்ததும் என் பாட்டியின் கை நினைவுக்கு வந்தது. குறவர் குலப் பெண்கள் வீதி வழியே வந்து, விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்து, கையூசியால் புள்ளி புள்ளியாகக் குத்திய கோலம். கரி கறுப்புத்தான், தோலுக்கு அடியில் ஒளி சிதறுவதால் பச்சையாகத் தெரிகிறது.

கைபேசிப் படம் போதாது, முன்கையின் வளைவில் கோலம் கோணலாகிவிடும். மெல்லிய படியெடுக்கும் தாளைப் பாட்டியின் கையில் சுற்றி, பகல் வெளிச்சத்தில் முதலில் புள்ளிகளை மட்டும் குறியுங்கள். பிறகு எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு போகிறது என்று பாட்டியிடமே கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடமும் அவர் விரலுக்குத் தெரிந்திருக்கும். முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். தேளின் வால் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதை அவர் சொன்ன பிறகு தொடங்குகிறேன்.