குடியை விட்டேன், மாத்திரை பிடித்துக்கொண்டது

கேள்வி: எனக்கு வயது 43. கோவையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மருத்துவமனையில் 10 நாள் தங்கிச் சிகிச்சை எடுத்துக் குடியை விட்டேன். 7 மாதம் ஆகிறது, ஒரு சொட்டுத் தொடவில்லை. ஆனால் எப்போதாவது வாயில் ஒதுக்கிய புகையிலை இப்போது ஒரு நாளைக்கு 3 பாக்கெட் ஆகிவிட்டது. சாயங்காலமானால் ஜிலேபியோ மைசூர்பாகோ இல்லாமல் இருக்க முடிவதில்லை. தூக்கத்துக்கு அல்பிரசோலாம் பாதி மாத்திரையில் ஆரம்பித்து, இப்போது 2 போட்டால்தான் கண் மூடுகிறது. "ஒரு பேயை ஓட்டிட்டு மூணு பேயைக் கூட்டிட்டு வந்துட்டீங்க" என்கிறார் மனைவி. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். புகையிலையை நாளைக்கே விட்டாலும் சரி, மாத்திரையை மட்டும் சட்டென்று நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் தினமும் போட்ட அல்பிரசோலாமை ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்பே வரும். ஓடுகிற மெஷின் பக்கத்தில் நிற்கிறவர் நீங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கும் ஒரு வார்த்தை. ஒன்றை விட்டவன் கட்டாயம் இன்னொன்றில் விழுவான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களை 3 ஆண்டு கவனித்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஒரு போதையிலிருந்து மீண்டவர்களுக்குப் புதிதாக இன்னொன்று ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு, மீளாதவர்களுக்கு இருப்பதில் பாதிகூட இல்லை. ஆக, இந்த 7 மாதம் வீண் போகவில்லை. அவர் சொல்கிற மூன்று பேயும் ஒரே அளவு பேயும் இல்லை.

பெரிய பேய் மாத்திரைதான். மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது, வண்டிக்கு பிரேக் மாதிரி. மது அந்த பிரேக்கைத்தான் அழுத்துகிறது, அல்பிரசோலாம் வகை மாத்திரைகளும் அதையேதான் அழுத்துகின்றன. அதனால்தான் குடியை நிறுத்தும்போது உடம்பு தூக்கிப்போடாமல் இருக்க, குளோர்டயாசெபாக்சைடு போன்ற இதே குடும்பத்து மாத்திரையை ஒரு வாரம், 10 நாள் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறோம். அது சிகிச்சை. அப்புறம் வீட்டுக்கு வந்து, தூக்கம் வரவில்லை என்று பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்குவது வேறு கதை. பாதி மாத்திரை ஒன்றாகி, ஒன்று இரண்டானது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு குவார்ட்டர் போதும் என்று ஆரம்பித்தது எங்கே போய் நின்றது என்று உங்களுக்கே தெரியும். இந்த மாத்திரையோடு என்றைக்காவது குடித்துவிட்டால் மூச்சே அடங்கிவிடலாம்.

வைத்தியர்களே இந்தத் தப்பைச் செய்திருக்கிறோம். 1884இல் வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட், மார்ஃபின் பழக்கத்தில் தவித்த தன் நண்பருக்குக் கொக்கைனைப் பரிந்துரைத்தார். நண்பர் இரண்டுக்கும் அடிமையானார்.

உங்கள் மாத்திரையின் அளவை வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், மெதுவாகக் குறைக்க வேண்டும். அதை ஒரு மனநல மருத்துவர் பார்த்துச் செய்யட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதுவரை மாத்திரை வீட்டம்மா கையில் இருக்கட்டும், அன்றன்றைக்கு உள்ளதை அவர் எண்ணிக் கொடுக்கட்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வருடக்கணக்கில் குடித்தவருக்கு, விட்ட பிறகும் பல மாதம் தூக்கம் விட்டுவிட்டுத்தான் வரும். அது உடம்பு பழைய நிலைக்குத் திரும்புகிற வழி. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நீங்கள் மாத்திரை அட்டையைத் தேடியே போயிருக்க மாட்டீர்கள்.

புகையிலைக்கு வருவோம். "குடியை விட்டதே பெரிசு, இதையாவது விட்டு வையுங்க டாக்டர்" என்று வாரத்துக்கு ஒருவராவது சொல்வார். முன்பு மருத்துவர்களும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். இப்போது தெரிகிறது, புகையிலையையும் சேர்த்து விடுகிறவர்கள் குடிக்குத் திரும்புவது குறைவு. காலையில் பல் தேய்த்ததும் கண்ணாடி முன் கீழுதட்டை இழுத்து, பாக்கெட் ஒதுக்குகிற இடத்தைப் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். விடுவதற்கு நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கும். சும்மா மெல்லக்கூடாது. மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். ஒதுக்குவதில் உங்களுக்குப் பயிற்சி சொல்லித் தர வேண்டியதில்லை. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட ஆலோசனையும் தருகிறார்கள்.

ஜிலேபி? குடியை விட்டவர்கள் பலர் இனிப்பைத் தேடுவார்கள். முதல் சில மாதம் நான் கண்டுகொள்வதில்லை. நாளைக்கு ஆறு டீ குடிக்கிற நான் அதிகம் பேசவும் கூடாது. ஆனால் 7 மாதம் ஆகிவிட்டது, கல்லீரலில் கொழுப்பு இருக்கவும் கூடும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் (HbA1c) கல்லீரல் பரிசோதனையும் ஒரு முறை எடுத்துவிடுங்கள். சாயங்காலம் 5 மணிக்கே சுண்டலோ ரெண்டு இட்லியோ சாப்பிட்டுவிட்டால் இனிப்பின் மேல் இருக்கிற வெறி பாதி அடங்கும். பலருக்கு அது வெறும் பசிதான்.

மிச்சம் இருப்பது ஏழு மணி. பட்டறை ஷட்டரை இறக்கிய பிறகு என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. குடி உங்களுக்கு ஏதோ சில வேலைகளைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. தூங்க வைத்தது, களைப்பை மறக்கடித்தது, கூட உட்கார நாலு பேரைக் கொடுத்தது. ஆளை நிறுத்திவிட்டோம், வேலை அப்படியே கிடக்கிறது. அந்த வேலைக்குத்தான் இப்போது மாத்திரையும் பாக்கெட்டும் வந்திருக்கின்றன. லாரி புக்கிங் ஆபீஸ் நடத்திய ஒருவர் என்னிடம் வந்தார். "சரக்குக்காக இல்ல டாக்டர், அந்த பெஞ்சுக்காகத்தான் போனேன்" என்றார். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு அவரை அனுப்பினேன். கட்டணம் இல்லை, பெயர்கூடச் சொல்ல வேண்டாம். முதல் மாதம் அங்கே யார் என்ன பேசினார்கள் என்று அவருக்கு நினைவில்லை. டீயும் பெஞ்சும் நன்றாக இருந்தது என்றார். போதும் என்று விட்டுவிட்டேன்.

நடு ராத்திரியில் மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் இலவசம். டாக்டரிடம் போகும்போது வீட்டிலிருக்கிற காலி மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். எத்தனை போடுகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒன்றிரண்டு குறைத்துத்தான் சொல்கிறார்கள். நீங்கள் எழுதிய 2 என்பதையும் நான் அப்படியே நம்பிவிடவில்லை.