அந்தப் படிவத்தில் ஏன் ஒரே ஒரு நம்பர்?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. ஒரு கிறிஸ்தவத் தனியார் பள்ளியில் படிக்கிறாள். போன வாரம் ஒரு நாள் இரவு 101 டிகிரி காய்ச்சல். காலை ஏழு மணிக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன், காய்ச்சல் விட்டது, பள்ளிக்கு அனுப்பினேன். பத்தே முக்காலுக்கு அங்கிருந்து போன். 102 டிகிரி இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள். (அவள் அப்பாவின் நம்பரைப் பள்ளியில் கொடுக்கவில்லை, வேலை நேரத்தில் போன் வந்தால் அவருக்குப் பிடிக்காது.) நான் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் திரும்ப வரலாம் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு லீவே மிச்சமில்லை. ஒரு நாள்கூட விடாமல் வந்தால் கிடைக்கும் பதக்கமும் அவளுக்குப் போய்விட்டது. தினமும் ஜெபத்தோடு தொடங்கும் பள்ளியில் இவ்வளவுதானா இரக்கம்? நிர்வாகத்துக்கு எப்படி எழுதலாம் என்று சொல்லுங்கள்.

பதில்: நிர்வாகத்துக்கு எழுதுவதை அப்புறம் பார்ப்போம், சகோதரி. அடைப்புக்குறிக்குள் ஒரு வரியைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அவள் அப்பாவின் நம்பரை ஏன் கொடுக்கவில்லை?

வேலை நேரத்தில் போன் வந்தால் பிடிக்காது என்கிறீர்கள். யாருக்குத்தான் பிடிக்கும்? பிடித்துப்போயா நீங்கள் அந்தப் போனை எடுத்தீர்கள்? மேலதிகாரி கூப்பிட்டால் அவர் எடுப்பார். வாடிக்கையாளர் கூப்பிட்டால் எடுப்பார். பெற்ற மகளுக்கு 102 டிகிரி என்று சொல்ல வரும் போன் மட்டும் தொந்தரவு என்று முடிவு கட்டியது யார்? அவர் வாய்விட்டுச் சொன்னாரா? இல்லை, முகம் சுளிப்பார் என்று நீங்களாகவே பள்ளியின் அவசரத் தொடர்புப் படிவத்தில் அவர் நம்பருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டீர்களா? அவர் சொல்லியிருந்தால் தவறு அவருடையது. சொல்லாமலே நீங்கள் விட்டிருந்தால் பாதித் தவறு உங்களுடையது. ஒரு மனிதனைத் தகப்பன் என்ற பொறுப்பிலிருந்து விடுவிக்கிற உரிமை மனைவிக்குக் கிடையாது. அவர்மேல் உள்ள அன்பினால் செய்தேன் என்றாலும் கிடையாது.

அந்தப் படிவத்தை எதற்குக் கேட்கிறார்கள்? பிள்ளை விழுந்து தலையில் அடிபடலாம். வலிப்பு வரலாம். ஒத்துக்கொள்ளாத எதையாவது தின்று உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டலாம். அந்த நேரம் பார்த்து உங்கள் போன் அணைந்து கிடந்தால்? அலுவலகத்தில் இருப்பவர் தாளை எடுத்து அடுத்த நம்பரைத் தேடுவார். அங்கே ஒன்றும் இருக்காது. அப்பா என்ற கட்டத்தில் பெயர் இருக்கும், நம்பர் இருக்காது.

லீவே மிச்சமில்லை என்கிறீர்களே, அந்த லீவெல்லாம் எங்கே போயிற்று? இவளுக்குச் சளி பிடித்த நாள், தடுப்பூசி போட்ட நாள், பெற்றோர் கூட்டம் நடந்த நாள் என்று எல்லாமே உங்கள் கணக்கில் மட்டும் கழிந்திருக்கும். அவருக்கு எத்தனை நாள் மிச்சமிருக்கிறது? கடிதத்தில் அது இல்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். இன்று இரவே கேளுங்கள். கணவரை இழந்தவர்களும் பிரிந்து வாழ்பவர்களும் இதே ஒரு மணி நேர விதியைப் பற்றி எனக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் வேறு, பள்ளியிடம் அவர்களுக்காகச் சலுகை கேட்கவும் தயங்கமாட்டேன். உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறார்.

சரி, சிரப்புக்கு வருவோம். வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருந்திருந்தால் நீங்கள் அந்தக் காலையில் அவளை அனுப்பியிருக்க மாட்டீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் ‘காய்ச்சல் விட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது விடவில்லை. பாராசிட்டமால் கொடுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் சூடு இறங்கும். நாலு முதல் ஆறு மணி நேரம் அதன் வேலை நிற்கும். ஏழு மணிக்குக் கொடுத்தது பத்தே முக்காலுக்குத் தீர்ந்துகொண்டிருந்தது. காலையில் நன்றாக வந்த பிள்ளைக்குப் பதினொரு மணிவாக்கில் உடம்பு கொதிப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம், ஆசிரியர்களுக்கும் இது தெரியும். மருந்து சூட்டைத்தான் குறைக்கும், கிருமியைக் குறைக்காது. ‘மருந்து இல்லாமல்’ என்று அந்தத் தாளில் போட்டிருப்பது அதனால்தான். அந்த இரண்டு வார்த்தையை எடுத்துவிட்டால் அந்த விதியால் ஒரு பயனும் இல்லை.

24 மணி நேரம் உங்களுக்குக் கடுமையாகத் தெரிகிறது. ஃப்ளூ வந்த பிள்ளை, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அதைப் பரப்பத் தொடங்கும், பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்பும். அப்படிப் பார்த்தால் பெற்றோரின் வேலையையும் மனதில் வைத்து ரொம்பவே விட்டுக்கொடுத்து எழுதிய விதி இது. வாந்தியும் பேதியும் நின்று 48 மணி நேரம் ஆக வேண்டும் என்று கேட்கும் பள்ளிகள் உண்டு. சின்னம்மை என்றால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். தட்டம்மை என்றால் தடிப்பு தெரிந்து நாலு நாள் போக வேண்டும். ஒவ்வொரு நோயும் எத்தனை நாள் தொற்றும் என்று பார்த்துப் போட்ட கணக்கு இது.

அந்த வகுப்பில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் பிள்ளை இருக்கலாம். மாற்றுச் சிறுநீரகம் வைத்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தினமும் சாப்பிடும் பிள்ளை இருக்கலாம். பள்ளி அதை உங்களிடம் சொல்லாது, சொல்லவும் கூடாது. உங்கள் மகளுக்கு மூன்று நாளில் சரியாகிவிடும் காய்ச்சல் அந்தப் பிள்ளையை மருத்துவமனையில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கலாம். இரக்கம் கேட்கிறீர்களே, அந்தத் தாய்க்கு நீங்கள் காட்ட வேண்டிய இரக்கம் எங்கே?

ஜெபத்தோடு தொடங்கும் பள்ளி என்பதால் விதியைத் தளர்த்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அப்படிப்பட்ட பள்ளிதான் இதில் உறுதியாக நிற்க வேண்டும் என்பேன். பைபிளில் லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில், தோலில் சந்தேகமான குறி தெரிந்தவரை ஆசாரியன் ஏழு நாள் தனியே வைத்துத் திரும்பப் பார்க்கிறார், தெளிவில்லை என்றால் இன்னும் ஏழு நாள் வைக்கிறார். 1527-இல் ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் பிளேக் வந்தபோது, திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் ஊரைவிட்டுப் போகாமல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். தான் தேவைப்படாத இடத்துக்குப் போகமாட்டேன், என்னால் இன்னொருவருக்குத் தொற்றிவிடக் கூடாது என்று எழுதியவரும் அவர்தான். நோயை மறைத்துக்கொண்டு மற்றவர்களோடு கலந்தவர்களை அவர் கடுமையாகச் சாடினார். நோய்ப்பட்டவரைக் கைவிடாமல் இருப்பதும், நோயோடு பிறரிடம் போகாமல் இருப்பதும் ஒரே கடமையைச் சேர்ந்தவை. உங்கள் விஷயத்தில் இரண்டாவதைப் பள்ளி பார்த்துக்கொண்டது. முதலாவது வீட்டின் வேலை, வீட்டில் இரண்டு பேர் இருக்கிறீர்கள்.

இப்போது நிர்வாகத்துக்கு எழுதுங்கள், ஆனால் இரக்கத்தைப் பற்றி வேண்டாம், அந்தப் பதக்கத்தைப் பற்றி எழுதுங்கள். அந்த விஷயத்தில் எனக்குப் பள்ளிமேல்தான் கோபம். காய்ச்சல் என்றால் வராதே என்று தாள் கொடுக்கிற பள்ளி, ஒரு நாள்கூட விடாமல் வந்த பிள்ளையை மேடையேற்றிப் பதக்கமும் கொடுத்தால், பெற்றோர் எதைக் கேட்டு நடப்பார்கள்? நோய்வாய்ப்படாமல் இருப்பது ஒரு பிள்ளையின் திறமை இல்லை. மேடையைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஆஸ்துமா பிள்ளைக்கு அந்தப் பரிசு என்றைக்கும் கிடைக்கப்போவதில்லை, அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. நோய்க்காக எடுத்த விடுப்பைப் பரிசுக் கணக்கில் சேர்க்காதீர்கள், இல்லையென்றால் அந்தப் பரிசையே விட்டுவிடுங்கள் என்று நேராக எழுதுங்கள். நோயாக இருக்கும் பிள்ளைக்கு அன்றன்றைய பாடத்தை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் வந்து சேரும்வரை அந்த இரண்டு மணி நேரமும் அவள் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். தனியாகப் படுக்கவைத்திருந்தால் அது புகார் செய்ய வேண்டிய விஷயம்தான்.

அதற்கு முன்னால் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். வெளியே கிளம்பும் அவசரத்தில் வேண்டாம், கைப்பேசி இருவர் கையிலும் இல்லாத நேரமாக இருக்கட்டும். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் முதல் நாள் அவர், இரண்டாம் நாள் நீங்கள் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் மறுத்தால், பள்ளி அலுவலகத்துக்கு அவரையே போகச் சொல்லுங்கள். என் மகளுக்கு எது நடந்தாலும் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று அவர் வாயாலேயே அங்கே சொல்லிவிட்டு வரட்டும். எந்தத் தகப்பனும் அதைச் சொல்லமாட்டார் என்பது என் நம்பிக்கை. திங்கட்கிழமை அலுவலகத்தில் புதுப் படிவம் வாங்கி, அவர் கட்டத்தை அவர் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள். மூன்றாவது ஆளாகப் பகலில் வீட்டில் இருக்கும் ஒருவரைச் சம்மதம் கேட்டு எழுதுங்கள். உங்களைத் தவிர வேறொருவரிடம் பிள்ளையை அனுப்ப எழுத்தில் ஒப்புதல் கேட்பார்கள், அந்தக் கையெழுத்தையும் அன்றைக்கே போட்டுக் கொடுத்துவிடுங்கள்.