3.00 கண்ணாடி உங்களுக்கு அதிகம், ஐயா

ஐயா, யாங்கோன் தெருக்கடையில் வாங்கிய 3.00 பவர் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டால் மருந்துப் பெட்டியின் வட்ட வட்டமான பர்மிய எழுத்துகளை மூக்கருகே கொண்டுவந்துதான் படிக்க முடிகிறது, தலையும் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தூரப்பார்வை நன்றாக இருக்கிறது என்பதால், அந்தப் பவர் 33 செ.மீ.க்கு அப்பால் உள்ள எதையும் மங்கலாக்கிவிடும்.

கண்ணாடியைக் கழற்றி, ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், அந்தப் பர்மிய எழுத்து வட்டத்தின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த தூரத்தைத் தையல் நாடாவால் செ.மீ.இல் அளந்து பாருங்கள். 100ஐ அந்தத் தூரத்தால் வகுத்து, விடையில் பாதியை 2.50இலிருந்து கழியுங்கள். 66 செ.மீ. என்றால் ஏறக்குறைய 1.75 வரும், 40 செ.மீ. தள்ளிப் பிடித்துப் படிக்க அதுவே போதும். இரண்டு பவர்களுக்கிடையே தயக்கம் வந்தால் குறைந்ததையே எடுங்கள். கண்ணுக்குக் கண் அளவு மாறினால் மட்டும், தயவுசெய்து கடைக் கண்ணாடியை விட்டுவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள்.