அவனுக்கு 56 வயது, அக்கா

அன்புள்ள அக்கா,

நான் தெஹிவளை. ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருக்கிறேன். உங்கள் பேய்க் காதல் தொடரைப் 14ஆம் அத்தியாயம் வரை படித்துவிட்டேன். என் போனை எடுத்து அம்மாவும் படித்துவிட்டார். ஏச்சு வாங்கியது நான். ஆனால் இப்போது ஒவ்வொரு கிழமையும் "அடுத்தது வந்திட்டுதா, அந்த நாலாம் மாடித் தாத்தாவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்பது அவர்தான்.

எனக்கு உங்கள்மேல் கோபம். நான் படித்த ஆங்கில வாம்பயர் கதைகளில் பையன் மிருக இரத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறான். அதனால் அவனை விரும்புவதில் ஒரு கஷ்டமும் இல்லை. உங்கள் கதையில், கரண்ட் இல்லாத நேரத்தில் மட்டும் வருகிற பேய்ப் பையன், அவன் காதலிக்கிற பெண் "இன்னும் கொஞ்ச நேரம்" என்று கேட்டதற்காக ஒழுங்கை முழுவதையும் விடியும்வரை இருட்டில் வைத்திருக்கிறான். தாத்தாவின் ஒட்சிசன் மெஷின் நின்றுவிடுகிறது. அவளுக்கு அது தெரியவருகிறது. தெரிந்தும் அடுத்த இரவும் காத்திருக்கிறாள். நானும் அவனுக்காகக் காத்திருந்தேன், அதுதான் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம், அவன் 83 ஜூலை இனக்கலவரத்தில் 17 வயதில் செத்தவன் என்று எழுதினீர்கள். அழுதுவிட்டு எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். அடுத்த நாள் யோசித்தால் யாரோ என்னை ஏமாற்றியது போல இருந்தது. கணக்கும் பார்த்தேன். கதை நடப்பது 2022இல். அவனுக்கு 56 வயது, அக்கா!

அவன் நல்லவனா கெட்டவனா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள். இப்படிக் கதை எங்கள் பக்கத்தில் இருந்திருக்கிறதா? அம்மா "இதெல்லாம் வெள்ளைக்காரன்ட பேய்" என்கிறார்.

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் கணக்கு. சரியாகப் பிடித்துவிட்டீர்கள். அவன் அடையாள அட்டை எடுத்திருந்தால் இலக்கம் 66 என்று தொடங்கியிருக்கும். இந்த வகைக் கதைகளில் உள்ள பழைய ஓட்டை இது. நூறு வருடம் கண்டவன் பள்ளிக்கூடப் பிள்ளையின் வாங்கில் வந்து உட்காருவான், நாங்களும் முகத்தைப் பார்த்துவிட்டு வருடத்தை மறந்துவிடுவோம். செத்த அன்றோடு அவனுடைய வளர்ச்சி நின்றுவிட்டது, நினைவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்று வைத்துத்தான் எழுதினேன். அப்படியானவனுக்கு முதிர்ச்சி வராது, பொறுமை மட்டும் வரும். 17 வயதுப் பெடியனின் பிடிவாதமும் கிழவனின் பொறுமையும் ஒரே ஆளிடம் இருந்தால் எப்படி என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இரத்தம் குடிக்கிறவனைவிட அவனிடம்தான் பயம்.

மிருக இரத்தக்காரரைப் பற்றி எனக்குக் குறை இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் மச்சம் மாமிசம் தொடாத எங்கள் சனம் மாதிரி அவர்களும். ஆனால் அங்கே கதை எழுதுகிறவரே பில்லை முன்கூட்டிக் கட்டிவிடுகிறார். நீங்கள் கைவீசிக்கொண்டு காதலிக்கலாம். என் கதையில் பில் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். அதுவும் அவள் தினமும் படியேறும்போது கடந்துபோகிற வீட்டுக்கு.

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே படியில்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் லிப்ட் நின்றுவிடும், வீட்டுக்குள் இருக்க முடியாத வெக்கை, எல்லோரும் படிக்கட்டில் வந்து உட்காருவோம். கரண்ட் வரும்போது காலி வீதிப் பக்கமிருந்து கடல் பக்கமாக, ஒவ்வொரு கட்டடமாக "ஹேய்" என்று ஒரு சத்தம் வரும். பெரியவர்களும் சேர்ந்துதான் கத்துவார்கள். ஒரு நாள் அந்தச் சத்தத்துக்கு நடுவில், எனக்கு இரண்டு படி கீழே இருந்த பிள்ளை மெதுவாக "ச்சே" என்றாள். எல்லோருக்கும் விடுதலையான அந்த நிமிஷத்தில் அவளுக்கு ஏதோ முடிந்துபோயிற்று. போனில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்திருப்பாள், வேறொன்றும் இருக்காது. எனக்கு அந்த "ச்சே" போதுமாக இருந்தது.

அதே கட்டடத்தில் ஒரு ஒட்சிசன் மெஷினும் இருந்தது. கரண்ட் போனவுடன் அந்த வீட்டில் சிலிண்டருக்கு மாற்றுவார்கள். அவசரத்தில் ஸ்பனர் கைதவறி டைல்ஸில் விழும் சத்தம் இரண்டு மாடிக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தையும் இந்த "ச்சே"யையும் ஒரே படிக்கட்டில் வைத்தால் கதை தானாக நடக்கும் என்று தோன்றியது.

ஆகவே, அவன் நல்லவனா கெட்டவனா? நீங்கள் ஆளை மாற்றிக் கேட்கிறீர்கள். அவன் தன்பாட்டுக்கு ஒன்றும் செய்யவில்லை. அவள் கேட்டாள், கொடுத்தான். 11ஆம் அத்தியாயத்தில் கேட்டபோது அவளுக்கு விலை தெரியாது. 12இல் தெரியும். தெரிந்த பிறகு என்ன செய்கிறாள்? பிளாஸ்கில் கொத்தமல்லி அவித்து ஊற்றிக்கொண்டு நாலாம் மாடிக்குப் போகிறாள். தாத்தாவின் மகள் அவள் தலையைத் தடவி "நல்ல பிள்ளை" என்கிறார். அவள் அதைத் திருத்தவில்லை. இறங்கி வந்து மின்வெட்டு நேரம் எத்தனை மணிக்கு என்று பார்க்கிறாள். அந்தப் பிளாஸ்க்கை எழுதத்தான் எனக்கு மூன்று கிழமை எடுத்தது, பேயை எழுத ஒரு பின்னேரம் போதும். அவனுக்கு ஒரு சோகமான கண்ணை வைத்துவிட்டால் வாசகர் தானே குழம்பிவிடுவார், அதில் பெரிய கெட்டித்தனம் இல்லை.

வெள்ளைக்காரன்ட பேய் என்கிற அம்மாவுக்கு: இந்தத் தீவில் எழுதிவைக்கப்பட்ட மிகப் பழைய காதல் கதைகளில் ஒன்றே மனுசனுக்கும் இயக்கிக்கும் (யட்சிக்கும்) நடந்ததுதான். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயம். (அந்தப் புத்தகத்தை நாங்கள் வேறு காரணங்களுக்காகச் சண்டைபிடித்துக்கொண்டு வாசிப்பதுதான் வழக்கம். இதற்காகவும் ஒருதரம் வாசிக்கலாம்.) குவேனி என்கிற இயக்கி மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். கடல் கடந்து வந்திறங்கிய இளவரசன் விஜயனின் ஆட்கள் 700 பேரையும் பிடித்துப் பள்ளத்தில் போடுகிறாள். காப்பு நூல் கட்டியிருந்தபடியால் தின்ன முடியவில்லை. விஜயன் வந்து அவளுடைய தலைமயிரைப் பிடித்து வாளை ஓங்குகிறான். என்னை உயிரோடு விடு, இராச்சியம் தருகிறேன் என்கிறாள். பிறகு 16 வயதுப் பெண்ணாக உருமாறி வருகிறாள். அன்றிரவு எங்கோ பாட்டும் மேளமும் கேட்கிறது. என்ன சத்தம் என்று கேட்கிறான். என் சனத்தின் கலியாண வீடு, அவர்களை முடிக்க இதுதான் நேரம் என்கிறாள். கண்ணுக்குத் தெரியாதவர்களை எப்படி வெட்டுவது? நான் குரல் கொடுக்கிற இடத்தில் வெட்டு.

அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் கை நிற்கும். தன் ஆட்களுக்கு நடுவில் நின்று, தன் குரலையே அடையாளமாகக் கொடுக்கிறாள். பிறகு என்ன? பட்டம் கட்ட அரச குலத்துப் பெண் வேண்டும் என்று விஜயன் மதுரைக்கு ஆள் அனுப்புகிறான். பாண்டியன் மகள் வந்து இறங்குகிறாள் (எங்கள் பக்கத்துப் பெண்!). பிள்ளைகளை விட்டுவிட்டுப் போ, மனுசருக்கு உன்னைப் போன்றவர்களிடம் எப்போதும் பயம் என்று குவேனிக்குச் சொல்கிறான். அவள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தன் சனத்திடம் திரும்புகிறாள். அவர்களில் ஒருவன் ஒரே அடியில் கொன்றுவிடுகிறான். தின்ன வந்தவள், வாளுக்குப் பயந்தவள், காட்டிக்கொடுத்தவள், கைவிடப்பட்டவள், எல்லாம் ஒருத்திதான். அவளை நல்லவளா கெட்டவளா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அம்மா உங்கள் போனை எடுத்ததைப் பற்றியும் ஒன்று. நற்றிணையில் 34ஆம் பாட்டு. மகள் மெலிந்துபோவதைப் பார்த்துத் தாய் முருகன்தான் பிடித்துவிட்டான் என்று, சாமியாடும் பூசாரியான வேலனை அழைக்கிறாள். நோய் தன்னால் வரவில்லை என்று தெரிந்தும் முருகன் அந்தச் சாமியாட்ட வீட்டுக்கு வந்து நிற்கிறானாம். தோழிக்குக் கோபம்: "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே." நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, ஆனால் மடையன்தான்! அங்கே வந்தது மலைநாட்டுக் காதலன் ஒருவன், வீட்டில் பழி கடவுள் மேல். என் கதையில் இதைத் திருப்பிப் போட்டேன். இங்கே வந்திருப்பது நிஜமாகவே வேறொன்று, தாயோ யாரோ பெடியனோடு போனில் கதைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் அம்மாவுக்கு இது உடனே விளங்கியிருக்கும்.

83 விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. எனக்கு அது பதினாலாம் அத்தியாயத்தைப் போட்ட இரவே உறுத்தியது, ஆனால் எடுக்க மனம் வரவில்லை. என் அம்மா அந்த ஜூலைக்குப் பிறகு அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர். அதைப் பற்றி அவர் கதைத்தது மிகக் குறைவு. முகாமில் எட்டுப் பெண்களுக்கு ஒரு சீப்பு இருந்தது என்று ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு 83 என்று சொன்னால் அதற்குமேல் கேள்வி கேட்க வாய் வராது. அதைத் தெரிந்துகொண்டே அந்தச் சாவை எடுத்து ஒரு பேய்க்கு மன்னிப்புக் கடிதமாகக் கையில் கொடுத்துவிட்டேன். மெஷின் நின்றதற்கும் அவன் செத்ததற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. புத்தகமாக வரும்போது மாற்றுகிறேன். அவன் 83இல் செத்தவன்தான், ஆனால் அவன் வாயால் சொல்ல மாட்டான். அவள் என்ன செய்வது என்று முடிவெடுத்து, அதைச் செய்தும் முடித்த பிறகு, வேறு யாரிடமிருந்தோ கேட்டுத் தெரிந்துகொள்வாள். அப்போது அது யாருக்கும் சாட்டாக உதவாது.

வெட்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவள் பிளாஸ்க்கோடு படியிறங்கும்போது நானும் அவன் வரட்டும் என்றுதான் எழுதினேன்.

அடுத்த அத்தியாயம் வெள்ளிக்கிழமை இரவு வரும். அம்மாவிடம் சொல்லுங்கள், நாலாம் மாடித் தாத்தா அதில் பேசுகிறார்.