சங்கரா மீன் திருடும் ஜிம்மியும் மற்ற வழக்குகளும்: நாய் வளர்ப்போர் கேள்வி பதில்

கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். நான் கால்நடை மருத்துவர் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் வீடு வீடாகப் போய் நாய்களுக்குப் பழக்கம் சொல்லிக்கொடுப்பவள். அதனால் மருந்து, ஊசி பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்கு உறுதியாகத் தெரிந்ததோடு நிறுத்திக்கொண்டேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

காசிமேடு: அக்கா, எங்க ஜிம்மிக்கு ஒன்றரை வயசு, நாட்டு நாய். அம்மா மீன் ஆய்ந்து குண்டானில் வைத்துவிட்டுத் தண்ணி பிடிக்கப் போனால் போதும், ஒரு சங்கரா காலி. அடித்தோம், பட்டினி போட்டோம். திருந்தவே இல்லை.

ஜிம்மி பக்கம் நின்று கணக்குப் போடுங்கள். கிடைப்பது ஒரு முழு சங்கரா. கொடுக்கும் விலை இரண்டு அடி, அதுவும் அம்மா பார்த்தால்தான். இந்த வியாபாரத்தை எந்த நாய் விடும்? பத்து தடவையில் ஒரு தடவை மீன் கிடைத்தால்கூட முயற்சியை நிறுத்தாது. எப்போதாவது கிடைக்கிற பரிசு பழக்கத்தை இன்னும் கெட்டியாக்கும். அடி வாங்கி அது கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: அம்மா இல்லாத நேரம் பார்த்து எடுக்க வேண்டும். பட்டினி போட்டது அதைவிட மோசம். பசித்த நாய் இன்னும் துணிந்து திருடும்.

முதல் வேலை, ஒரு மாதத்துக்கு அதற்கு ஒரு மீன்கூடக் கிடைக்காமல் பார்ப்பது. வீடு சின்னது, அடுப்படிக்குக் கதவில்லை என்பீர்கள். சரி, மீன் ஆயும் நேரத்தில் ஜிம்மியை எதிர்ப்பக்கம் கட்டுங்கள், தண்ணி பிடிக்கப் போகும்போது குண்டானுக்கு மூடி போட்டுக் கல் வையுங்கள். இதை யாரும் பயிற்சி என்று மதிப்பதில்லை. பாதி வேலை இதிலேயே முடிகிறது.

அடுத்து "விடு" என்ற சொல். டீக்கடைப் பொறையைச் சின்னதாக உடைத்து ஒரு துண்டை மூடிய கைக்குள் வையுங்கள். முகரும், நக்கும், பிறாண்டும். நீங்கள் பேசாமல் இருங்கள். சலித்துப்போய் மூக்கைப் பின்னால் இழுக்கிற நொடியில் "சரி" என்று சொல்லி, மற்ற கையிலிருந்து வேறு துண்டு கொடுங்கள். மூடிய கையில் இருந்ததைக் கொடுக்கவே கூடாது. கையைப் பார்த்ததும் தானே விலகத் தொடங்கிய பிறகு "விடு" என்ற சொல்லைச் சேருங்கள். அப்புறம் திறந்த கை, அப்புறம் தரை, அப்புறம் தட்டு. வேகவைத்த மீன் துண்டை வைத்துச் செய்வது கடைசிப் படி. முதல் நாளே சங்கராவைக் காட்டிச் சோதித்தால் நீங்கள்தான் தோற்பீர்கள்.

கூடவே அடுப்படிக்கு வெளியே ஒரு சாக்கைப் போட்டு, அதில் படுத்திருந்தால் மட்டும் நடுநடுவே ஏதாவது கிடைக்கும் என்று பழக்குங்கள். சில வாரங்களில் அரிவாள்மணைச் சத்தம் கேட்டதும் அதுவே போய்ச் சாக்கில் படுக்கும்.

வாயில் கவ்விவிட்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் அவசரத்தில் முள்ளோடு விழுங்கும். அதைவிட ருசியானதைக் காட்டிப் பண்டமாற்று செய்யுங்கள். பிடுங்கும்போது உறுமினால் அடக்கவும் வேண்டாம். உறுமல் எச்சரிக்கை, அதை அடித்து நிறுத்தினால் எச்சரிக்காமல் கடிக்கிற நாய் கிடைக்கும்.

காசிமேடு என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தூண்டில் முள் குத்திய மீனையோ தூண்டில் நரம்பையோ விழுங்கிவிட்டால், வாயில் நரம்பு தொங்குகிறதே என்று இழுக்காதீர்கள். பின்பக்கம் தொங்கினாலும் இழுக்கக் கூடாது. குடலையே அறுத்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். சோற்று உருண்டை வைத்தியமெல்லாம் வேண்டாம்.

ராயபுரம்: திட்டும்போது தலையைக் குனிந்து, காதை மடக்கி முழிக்கிறதே, அப்போ தப்பு என்று தெரிந்துதானே செய்கிறது?

அப்படித்தான் தோன்றும். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்து எழுதினார். தின்பண்டத்தைத் தின்னாத நாயையும் சொந்தக்காரர் திட்டினால் அதே முழி வந்தது. தின்ற நாயைத் திட்டாமல் விட்டால் அவ்வளவாக வரவில்லை. அந்த முழி உங்கள் முகத்தைப் பார்த்து வருவது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, காலையில் கிழித்த செருப்பைக் காட்டிக் கத்தினால் நாய்க்குப் புரிவது "இவர் வீட்டுக்கு வந்தால் பிரச்சினை" என்பதுதான்.

தண்டையார்பேட்டை: ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. இரண்டு மாதக் குட்டி வீடு முழுக்க மூத்திரம் போகிறது. ஊசி முடியாமல் கீழே இறக்கக் கூடாது என்கிறார்கள்.

இறக்கக் கூடாது என்பது சரிதான். குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கைத் தருகிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதுவரை பால்கனி மூலையில் பழைய பேப்பர், ஓரத்தில் ஒரு செங்கல். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டுபோய் அங்கே விடுங்கள். இந்த வயதில் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. போனதும் அந்த இடத்திலேயே பாராட்டு, ஒரு துண்டு பொறை. வீட்டுக்குள் போய்விட்டால் துடைத்துவிட்டு உங்களையே திட்டிக்கொள்ளுங்கள். மூத்திரத்தில் அதன் மூக்கைத் தேய்ப்பது காட்டுமிராண்டித்தனம். வாடை மிச்சம் இருந்தால் அதே இடத்துக்குத்தான் திரும்ப வரும், அதனால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

ஆனால் ஊசி முடியவில்லை என்று நாலு சுவருக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள். மூன்று வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்கு வாரம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதைத்தான் பிறகு சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். இடுப்பில் தூக்கிக்கொண்டு மார்க்கெட் முனை வரை போய் வாருங்கள். மீன்பாடி வண்டி, ஷேர் ஆட்டோ, ஹெல்மெட் போட்ட ஆள், பர்தா போட்ட பெண், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் காதிலும் கண்ணிலும் படட்டும்.

வியாசர்பாடி: நாலு மாதக் குட்டி, கால் கை எல்லாம் கடிக்கிறது. பையன் அழுகிறான்.

பல் விழுந்து முளைக்கிற வயசு, ஆறேழு மாதம் வரை இருக்கும். துணியை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கடிக்கக் கொடுங்கள். பல் பட்டதும் விளையாட்டை அந்த நொடியே நிறுத்தி எழுந்து போய்விடுங்கள். பையனை ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓடுகிற காலைப் பிடிப்பதுதான் குட்டிக்குப் பெரிய விளையாட்டு.

அதே வியாசர்பாடி: பல் கீறி லேசாக ரத்தம் வந்தது. குட்டிதானே, ஊசி போடணுமா?

போட வேண்டும். உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்து. மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம். ஒரு ஊசியோடு முடிவதில்லை; சொல்லும் தேதிகளில் எல்லாம் போக வேண்டும். ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். குட்டிக்கும் மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் வேப்பேரியில், 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

கொருக்குப்பேட்டை: நாங்கள் சாப்பிடுவதையே போடுகிறோம். மீன் குழம்பு சோறு, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு, கருவாடு. நன்றாகத்தான் இருக்கிறது. பெரம்பூர் நண்பர் ஒருவர், நாய் கிறிஸ்துமஸ் கேக் தின்றுவிட்டது என்று பயந்தார், ஏன்?

கேக்கிலிருந்தே வருகிறேன். அதில் போடும் உலர் திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தைக் காலி செய்துவிடும். எந்த நாய்க்கு, எத்தனை பழத்தில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் தின்றது தெரிந்த உடனேயே மருத்துவரிடம் போக வேண்டும், வாந்தி வரவைப்பதை அவர் பார்த்துக்கொள்வார். உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அதுவே விஷம். திராட்சையில் கெடுதல் செய்வது டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதுகிறார்கள். நம் புளியிலும் அதுதான் இருக்கிறது! புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2022இல் ஒரு கால்நடை மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். மீன் குழம்பு சோற்றை நிறுத்தச் சொல்வதற்கு எனக்கு அந்த ஒரு காரணம் போதும். வெங்காயம், பூண்டு இரண்டாவது காரணம். அவை ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுத்து, மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போகும். "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்ல வைப்பது இந்தத் தாமதம்தான்.

வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குத்தும். கருவாட்டில் உப்பு அதிகம். குழம்பில் போடுவதற்கு முன்பே நாலு துண்டு மீனைத் தனியாக வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து போடுங்கள். கோழியும் அப்படியே. முட்டை, பூசணி, கேரட் நல்லது. தயிர் கொஞ்சம். சர்க்கரை இல்லாத சூயிங்கம் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். சாக்லேட்டைவிட அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

புதுவண்ணாரப்பேட்டை: எங்கள் தெருவில் சாவு ஊர்வலம் போனால் மேளமும் பட்டாசும்தான். நாய் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகுமா?

ஆகாது, தாராளமாகத் தடவுங்கள். பயம் கொஞ்சினால் வளர்கிற பழக்கம் இல்லை. கட்டிலடியிலிருந்து இழுக்க மட்டும் வேண்டாம், அதற்கு அதுதான் பத்திரமான இடம். போர்வையைத் தொங்கவிட்டு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் டிவியையும் போடுங்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே செல்போனில் வெடிச்சத்தத்தை மிக மெல்லிதாகப் போட்டுச் சாப்பாடு கொடுங்கள், நாளாக நாளாகக் கொஞ்சம் கூட்டுங்கள். முகம் மாறினால் உடனே குறையுங்கள். ரொம்ப நடுங்குகிற நாய்களுக்கு மருத்துவர் மருந்து தருவார். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் வாசல் கதவு திறந்திருக்கக் கூடாது. மிரண்டு ஓடி காணாமல் போகிற நாய்களில் பல தீபாவளிக் கணக்கு.

எண்ணூர்: பெண் நாய். ஒரு தடவையாவது குட்டி போட்ட பிறகுதான் கருத்தடை செய்யணுமாமே?

இல்லை. அப்படி எந்த மருத்துவக் கட்டாயமும் இல்லை. கருத்தடை செய்யாமல் வயதானால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்துதான் உண்டு. கடைசியாக ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) வந்து சில வாரங்களில் அதிகமாகத் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூலக்கொத்தளம்: காது நுனி வெட்டிய தெருநாய்க்குச் சோறு போடலாமா? வீட்டு நாய்க்கு லைசென்ஸ் தேவையா?

காது வெட்டியிருந்தால் கருத்தடை முடிந்தது என்று அடையாளம். போடலாம், ஆனால் 2025இல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி தெருவில் கண்ட இடத்தில் கூடாது, உணவு போட ஒதுக்கிய இடத்தில் மட்டும். வீட்டு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். ரேபிஸ் ஊசிச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள்.

திருவொற்றியூர்: நாட்டு நாய்க்குப் பயிற்சி ஏறாது என்கிறார்கள். ராஜபாளையம் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஒரு ரூம், சின்னத் திண்ணை.

ஏறாது என்று சொன்னவர் ஏற்றிப் பார்க்கவில்லை. தெருவில் பிழைத்த பரம்பரை, உங்கள் முகத்தை உங்களைவிட நன்றாகப் படிக்கும். ராஜபாளையம் அருமையான நாய்தான், ஆனால் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம், ஓட இடம் வேண்டும். திண்ணையில் கட்டிப்போட்டால் நாள் முழுக்கக் குரைக்கும், அடுத்த மாதமே வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். இல்லை, ராஜபாளையம்தான் வேண்டும் என்றால் குட்டி எடுக்கும்போது அதன் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். அந்த வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் உண்டு. கூட்டத்தில் இருக்கும்போது மற்றவை திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பிவிடும், தனியாகத் தூக்கி வைத்துத் தட்டுங்கள்.