பின்புத்திக்காரன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரேக்கப் புராணத்தில் மனிதனுக்காக நெருப்பைத் திருடிய புரொமீத்தியஸ் பற்றிய கட்டுரையில் அவன் தம்பி எபிமீத்தியஸை 'முட்டாள் தம்பி' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். உலகத்தில் துன்பங்களை அவிழ்த்துவிட்ட பண்டோராவின் பெட்டியைத் திறந்தவன் என்பதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையா?

ம., கோவை

அன்புள்ள ம.,

தாண்டியது தப்புதான். ஆனால் தாழியைத் திறந்தது பண்டோரா என்ற பெண், அவன் இல்லை. ஆமாம், தாழி. பழைய கிரேக்கக் கவிஞர் ஹீசியட் சொல்வது 'பித்தோஸ்'. தானியமும் எண்ணெயும் சேர்த்து வைக்கிற பெரிய மண் தாழி, நம் குதிர் மாதிரி. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞர் அந்தக் கதையை லத்தீனில் எழுதப்போய் அது சின்னப் பெட்டியாகிவிட்டது.

தெய்வங்களின் அரசன் ஸியூஸ் எது கொடுத்தாலும் வாங்காதே என்று அண்ணன் எச்சரித்திருந்தான். ஸியூஸின் தூதன் ஹெர்மஸ் பண்டோராவைப் பரிசாகக் கொண்டுவந்து நிறுத்தியதும் தம்பிக்கு அது மறந்துபோனது. வாங்கிக்கொண்ட பிறகுதான் உறைத்தது. பெயரிலேயே இருக்கிறது: அண்ணன் முன்யோசனை, தம்பி பின்யோசனை. 'பெண்புத்தி பின்புத்தி' என்று ஒரு அசட்டுப் பழமொழி வைத்திருக்கிறோமே, கிரேக்கர்கள் பின்புத்திக்கு ஆம்பளைப் பெயர் வைத்தார்கள். பழியை மட்டும் அங்கேயும் பெண் தலையில்தான் போட்டார்கள்.

எனக்குப் பிடித்தது பிளேட்டோவின் 'புரொட்டகோரஸ்' நூலில் வரும் எபிமீத்தியஸ். உயிர்களுக்குத் திறமைகளைப் பங்கிடும் வேலை சகோதரர்களுக்கு வருகிறது. "நானே பங்கிடுகிறேன், நீ அப்புறம் வந்து சரிபார்" என்று அண்ணனிடம் கெஞ்சி வாங்கிக்கொள்கிறான். முட்டாள் செய்கிற பங்கீடா அது? பலம் கொடுத்ததற்கு வேகம் கொடுக்கவில்லை. பலமில்லாததற்கு வேகம். சின்னதற்குச் சிறகு, இல்லையென்றால் வளை. குளிருக்கு அடர்ந்த மயிரும் தடித்த தோலும், காலுக்குக் குளம்பு. அடித்துத் தின்பவற்றுக்குக் குட்டிகள் குறைவு, இரையாகிறவற்றுக்கு நிறைய. எந்த இனமும் அழிந்துவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறியிருக்கிறான்.

கடைசி இலையில் மனிதன் உட்கார்ந்திருந்தான். அண்டாவில் ஒன்றும் இல்லை.

அண்ணன் வந்து பார்க்கும்போது மனிதன் துணியில்லாமல், செருப்பில்லாமல், படுக்கையும் ஆயுதமும் இல்லாமல் நிற்கிறான். தெய்வங்கள் மண்ணுக்குள் வார்த்த உயிர்கள் வெளிச்சத்துக்கு வரவேண்டிய நாளும் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கொல்லர் தெய்வம் ஹெபெஸ்டஸிடமிருந்து நெருப்பையும் அறிவுத் தெய்வம் அதீனாவிடமிருந்து கைத்தொழில் அறிவையும் திருடிக் கொடுக்கிறான் புரொமீத்தியஸ். நான் மாய்ந்து மாய்ந்து எழுதிய அந்த மகா திருட்டு, தம்பி விட்ட ஓட்டையை அடைக்கச் செய்தது.

திருட்டுக்காகப் பிற்பாடு அண்ணன்மேல் வழக்கு வந்தது, அதுவும் எபிமீத்தியஸால்தான் என்று பிளேட்டோ எழுதுகிறார். தம்பிக்குத் தண்டனை ஏதும் அங்கே இல்லை.