தரை மட்டும் ஏன் சில்லென்கிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் சூடு, குளிர் பற்றிய கேள்விகளை மட்டும் தனியே எடுத்து அனுப்பியிருக்கிறார் ஆசிரியர். வகுப்பில் இயற்பியல் நடத்திய காலத்தில் பையன்கள் என்னிடம் கேட்காத கேள்விகளையெல்லாம் நீங்கள் கேட்கிறீர்கள். சந்தோஷம்.

*மார்கழிக் காலையில் மொசைக் தரையில் கால் வைத்தால் சுரீர் என்கிறது. பக்கத்திலேயே கிடக்கும் கோரைப்பாயில் அப்படி இல்லை. தரை பாயைவிட அதிகமாகக் குளிர்ந்து போயிருக்கிறதா சார்?*
*– வாசகி, திண்டிவனம்*

இல்லை அம்மா. ராத்திரி முழுக்க ஒரே அறையில் கிடந்த தரையும் பாயும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உள்ளங்கால் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். வெப்பம் தானாகப் போகும் திசை ஒன்றுதான்: சூடு அதிகமான பொருளிலிருந்து குறைவான பொருளுக்கு. ஆகவே தரையில் நின்றாலும் பாயில் நின்றாலும் உங்கள் காலிலிருந்து வெப்பம் வெளியே போகிறது. போகும் வேகம்தான் வேறு. மொசைக், சிமெண்டும் பளிங்குச் சில்லும் இறுகிய கல். வாங்கிய சூட்டை உடனே உள்ளே கடத்திவிட்டு அடுத்ததற்குத் தயாராக நிற்கும். பாயின் கோரைக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. கால் பட்ட இடம் மட்டும் சூடேறி, அதோடு சரி.

அதாவது, நம் தோல் பொருளின் வெப்பநிலையை அளப்பதில்லை. தன் சூடு எவ்வளவு வேகமாகப் போகிறது, வருகிறது என்பதைத்தான் சொல்கிறது. நம்பாவிட்டால் இதைச் செய்து பாருங்கள். அலமாரியில் கிடக்கும் கனமான அலுமினிய மூடி ஒன்றையும் சப்பாத்திப் பலகையையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டால் மூடிதான் சில்லென்று இருக்கும். இரண்டின் மேலும் ஒரே அளவு ஐஸ்கட்டியை வையுங்கள். "குளிர்ந்த" மூடியின் மேல் இருக்கும் கட்டி கண்ணெதிரே சுற்றிலும் நீர் கட்டி இளைக்கும். பலகையின் மேல் இருப்பது அசையாமல் உட்கார்ந்திருக்கும். மூடி தன்னிடமும் சுற்றுக் காற்றிலும் இருக்கும் வெப்பத்தை ஐஸுக்கு வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

கத்திரி வெயிலில் இதே கதை தலைகீழாகும். வேலூரில் 42 டிகிரி அடிக்கும் மதியத்தில், நிழலிலேயே கிடக்கும் இரும்பு பெஞ்சும் மர பெஞ்சும் ஒரே சூட்டில் இருந்தாலும், சுடுவது இரும்புதான். இப்போது வெப்பம் பெஞ்சிலிருந்து நமக்கு வருகிறது.

*வீட்டு விசேஷத்துக்கு வாங்கிய ஐஸ் பாளத்தின் மேல் கம்பளியைப் போர்த்தினேன். "கம்பளி சூடு, ஐஸ் சீக்கிரம் உருகிவிடும்" என்று என் மாமியார் எடுத்துவிட்டார். யார் சொல்வது சரி?*
*– வாசகி, காரைக்குடி*

நீங்கள் செய்ததுதான் சரி. இந்தப் பக்கத்தை மாமியாரிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் சாமர்த்தியம்.

கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு வெப்பத்தின் போக்கைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். உள்ளே நாம் படுத்திருந்தால் நம் சூடு வெளியே போகத் தாமதமாகும். உள்ளே ஐஸ் இருந்தால் வெளிச்சூடு உள்ளே வரத் தாமதமாகும்.

இதை நம்பிப் பெரிய வியாபாரமே நடந்திருக்கிறது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர் 1833இல் ஏறக்குறைய 180 டன் ஐஸைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏரியில் உறைந்த பனியை வெட்டி எடுத்த பாளங்கள். இயந்திரக் குளிர்சாதனம் எதுவும் கிடையாது. பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, நான்கு மாதம் கழித்துக் கப்பல் வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. அவர் வியாபாரத்தில் மரத்தூள்தான் ஐஸுக்குப் போர்வை. சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அவருடைய சரக்கை வைக்கத்தான். பிறகு 1897இல் விவேகானந்தர் வந்து தங்கியதும் அங்கேதான். இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம்.

ஒரு எச்சரிக்கை. உருகிய நீரில் கம்பளி நனைந்துவிட்டால் காற்றிருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் பாளத்தைக் கட்டை மேல் தூக்கி வைத்து, நீர் வடிய வழி செய்யுங்கள். அடியில் ஒரு கை உமி போட்டால் இன்னும் நல்லது.

*வெளியே போகும்போது அறை குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஃபேனை ஓடவிட்டுப் போகிறேன். பலன் உண்டா?*
*– கல்லூரி மாணவர், சேலம்*

இல்லை தம்பி. ஃபேன் காற்றைக் குளிர்விக்காது, உங்கள் வியர்வையை உலர்த்தும். வியர்க்க ஆளில்லாத அறையில் அது இழுக்கும் மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் மாறும். அணைத்துவிட்டுப் போங்கள்.

*தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் தெளித்தால், ஆவியாகாமல் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறதே, ஏன்?*
*– வாசகர், திருநெல்வேலி*

கல் 100 டிகிரியைச் சற்றே தாண்டியிருந்தால் துளி பரவி, 'சொய்ங்' என்று சத்தம் போட்டுக் காணாமல் போகும். 200 டிகிரிப் பக்கம் போய்விட்டால் துளியின் அடிப்பாகம் பட்டவுடன் ஆவியாகி, மெல்லிய ஆவிப் படலம் ஒன்று துளியைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஆவி வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. கல் எவ்வளவு காய்ந்தும் துளிக்குச் சூடு எட்டுவதில்லை. லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1756இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் அவர் விட்ட ஒரு சொட்டு அரை நிமிஷத்துக்கு மேல் தாங்கியது!

முத்து ஓடுகிறது என்பதற்காக மாவை ஊற்றிவிடாதீர்கள். அந்தச் சூட்டில் மாவு பரவுவதற்குள் வெந்து, கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வரும். தீயைக் குறைத்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் துணியால் துடையுங்கள். துளி 'சொய்ங்' என்று அடங்கினால் ஊற்றலாம்.